கேட்ட பெயரில் இல்லாத கோப்பு

"தெரியாது" என்ற சொல்லை அவள் சொன்ன மாதிரி வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாம் சொன்னால் அதில் கொஞ்சம் வெட்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது எரிச்சல் இருக்கும். பேச்சை எப்படியாவது முடித்துக்கொள்ளும் அவசரமாவது இருக்கும். அவள் சொன்னால் அங்கேதான் பேச்சு தொடங்கும். "தெரியலைங்க, பாப்போம்" என்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். எதிரே நிற்பவருக்கு என்னவோ பாதி வேலை முடிந்துவிட்டது போல முகம் தெளியும்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேற்பக்கம், ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் அப்போது ஏராளம். பிறந்தது ஒரு தோட்டம், பெயர் பதிந்தது இன்னொரு தோட்டம், வேலை செய்தது மூன்றாவது. அடையாள அட்டைக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பம் போடப் போனால் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. நாங்கள் தோட்டங்களின் பழைய பதிவுப் புத்தகங்களை வாங்கி, கறையான் தின்றது போக மிஞ்சியதைக் கொம்பியூட்டரில் ஏற்றினோம். புத்தகமே இல்லாத தோட்டங்களில் வயதானவர்களை அழைத்து வந்து, அவர்கள் சொல்லச் சொல்ல நேரே தட்டச்சு செய்தோம். அதை வைத்து ஆட்களுக்கு அத்தாட்சிக் கடிதம் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

அந்த டேட்டாபேஸுக்கு நான்தான் பொறுப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் தங்கிப் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் அந்த மாடியில் நான் ஒருவன்தான். அப்பா ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் இல்லாமல் குவாட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அப்பாவிடம் ஒன்று கேட்டுவிட்டுப் பதில் இல்லாமல் திரும்பியவர்களை நான் பார்த்ததில்லை. அந்தப் பதில் சரியா பிழையா என்பது வேறு விஷயம். எனக்கும் அதே பழக்கம். வீட்டில் மனைவி "மழை வருமா" என்று கேட்டால்கூட வானத்தைப் பார்க்காமலேயே ஏதாவது சொல்லிவிடுவேன்.

அவள் தட்டச்சு வேலைக்கான நேர்முகத்துக்கு வந்த அன்று நானும் உள்ளே இருந்தேன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளர்கள். எங்கள் பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கல்வித் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். டேட்டாபேஸ் என்றால் என்ன என்று அவளிடம் கேட்டார். வந்த மற்றவர்கள் எல்லாரும் அந்தக் கேள்விக்கு எதையோ மனப்பாடமாக ஒப்பித்தார்கள். இவள் யோசிக்கவேயில்லை.

"தெரியாதுங்க சேர். டைப் பண்ணத் தெரியும். மத்தது சொல்லித் தந்தா கத்துக்குவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பணிப்பாளருக்கு வரவில்லை. அவளைத்தான் எடுத்தார்.

சொல்லிக் கொடுத்தது நான்தான். அதை இங்கே பதிந்துவைக்க எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது. ஒரு வருடத்தில் அவள் சேர்வரோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகங்களை அகராதியோடு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். புரியாத சொல் வந்தால் இருந்த இடத்திலிருந்தே சத்தமாகக் கேட்பாள். வெளிநாட்டிலிருந்து உதவி கொடுத்தவர்கள் பார்வையிட வந்திருந்த நாளிலும் அப்படித்தான் கேட்டாள். நான் கூனிக்குறுகிப் போனேன். வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணித்தியாலம் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாரம் தயார் செய்து வைத்திருந்த விளக்கவுரையை அவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள்.

நுவரெலியாக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருந்த ஒரு சிங்கள உத்தியோகத்தர் எங்கள் கடிதங்களைச் சரிபார்ப்பதற்காக அடிக்கடி போன் எடுப்பார். ஒரு நாள் ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் நல்ல சிங்களத்தில், அந்தக் குடும்பம் வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு குடும்பம் பற்றிக் கேட்டபோது போனை எடுத்தது அவள். அவளுடைய சிங்களம் பஸ்ஸிலும் கடையிலும் பழகிய சிங்களம். "தன்னே நே மாத்தியா" என்றாள். தெரியாதுங்க ஐயா. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தவள், இரண்டு மணித்தியாலம் கழித்து அவரே எதிர்பார்க்காத அளவுக்கு விபரத்தோடு திருப்பி எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் போன் எடுத்தால் "அந்த நோனா இருக்கிறாவா" என்றுதான் கேட்பார். என் குரல் கேட்டால் பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவார். வலப்பனைக் கதை பிழை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு நாள் ஒரு கிழவர் வந்தார். தன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று மூன்று இடங்களில் சொல்லிவிட்டார்களாம். நானும் தேடிவிட்டு இல்லை என்றேன். அவர் படியிறங்கப் போனார். அவள் எழுந்துபோய் நிறுத்தினாள். சின்ன வயதில் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், அம்மா பெயர் என்ன, அப்பா செத்தபோது அவருக்கு எத்தனை வயது என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். பின்னேரம் ஆனது. கடைசியில் அந்தக் கால கிளாக்கர் ஒருவர் அவருடைய உண்மையான பெயரை எழுதச் சோம்பல்பட்டு, "மாரியாயி மகன்" என்று மட்டும் எழுதி வைத்திருந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தாள். கிழவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அவளைக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற என்னையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருப்பார். அன்று எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

பொறாமை என்று அப்போது நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஒழுங்கு என்று நினைத்தேன். இத்தனை பேர் வந்து போகிற இடத்தில், பொறுப்பில் இருக்கிறவர்கள் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள் என்று பணிப்பாளரிடம் ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவள் தெரியாதெண்டு சொல்லுறதாலதான் தம்பி, தெரியுமெண்டு சொல்லேக்க எல்லாரும் நம்புகினம்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் அன்று முழுவதும் என்னைப் பற்றிச் சொன்ன மாதிரியே இருந்தது.

அந்த இடி விழுந்தது ஒரு சித்திரை மாதத்து வியாழக்கிழமை, மதியத்துக்குப் பிறகு. ஹட்டனில் அந்த மாதத்தில் இடியும் மின்னலும் புதிதல்ல. அன்று பஸ் நிலையத்துப் பக்கம் எங்கேயோ விழுந்த இடியில் மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது சேர்வரில் இருந்த இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று எழும்பவில்லை. எங்கள் பதிவுகள் இருந்தது அதில்தான். கொன்ட்ரோல் ஃபைல் இருந்ததும் அதில்தான்.

கொன்ட்ரோல் ஃபைல் என்பது டேட்டாபேஸ் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கோப்பு. என்னென்ன கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன, எதுவரை எழுதியாகிவிட்டது என்பது அதில் இருக்கும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தாலும் திறக்காது. அதனால் அதை மூன்று பிரதிகளாக வேறு வேறு டிஸ்க்கில் வைக்க வேண்டும் என்பது பாடம். நான் மூன்றையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தேன். அவள் முதல் வருடமே அதைக் கவனித்து ஏன் என்று கேட்டிருந்தாள். வேகத்துக்காக என்று சொல்லியிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

நல்ல காலமாக சனிக்கிழமை எடுத்த பெக்கப் இருந்தது. எடுத்தது அவள். பதிவுகளும் இருந்தன, கொன்ட்ரோல் ஃபைலும் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நானும் அவளும் வேறு டிஸ்க் ஒன்றைச் சேர்வரில் பூட்டி, சனிக்கிழமைப் பிரதிகளை அதில் இறக்கினோம். பணிப்பாளர் எங்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டச்சு செய்யும் இரண்டு பெண்பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். விசைப்பலகைக்கு முன்னால் அவளை உட்காரச் சொன்னது நான்தான். கெட்டுப்போனால் என் கையால் கெட்டதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

இனி சனிக்கிழமையிலிருந்து வியாழக்கிழமை வரைக்கும் வர வேண்டும். அதற்கு லொக் என்று ஒன்று இருக்கிறது. செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போகிற கோப்பு. ஒன்று நிரம்பினால் அதற்கு ஓர் இலக்கம் கொடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததில் எழுதத் தொடங்கும். லொக்குகள் எல்லாம் பழுதாகாத மற்ற டிஸ்க்கில் இருந்தன. பழைய கொன்ட்ரோல் ஃபைலை வைத்து மீட்கும்படி அவள் கட்டளை கொடுத்தாள். அது முதல் லொக்கைக் கேட்டது. இருந்தது. கொடுத்தாள். திங்கட்கிழமை மதியம் வரைக்கும் வந்துவிட்டது. சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தி கையைத் தட்டப் போய் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அடுத்த லொக்கைக் கேட்டது. ஒதுக்கி வைத்த கோப்புகளில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை.

அவள் திரையில் வந்ததை இரண்டு தடவை வாசித்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். மறுபடி முயன்றாள். அதே பதில். திங்கள் மதியத்திலிருந்து வியாழன் வரைக்கும் நாங்கள் ஏற்றியது மஸ்கெலியாப் பக்கத்து இரண்டு தோட்டங்கள். புத்தகம் இல்லாத தோட்டங்கள். லொறியில் ஆட்கள் வந்து, வாயால் சொல்லி, அவள் நேரே தட்டியது. இருநூறு பேருக்கு மேல். கடதாசியில் ஒன்றும் கிடையாது.

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"அண்ணே, இந்த எடத்துல எனக்கு ஒண்ணுமே வெளங்கல. கொழும்புல இதப்பத்தி ஏதாவது சொல்லித் தந்தாங்களா?"

சொல்லித் தந்தார்கள். கொழும்புப் பரீட்சையில் நான் பிழைவிட்ட ஒரே பெரிய கேள்வி அது. விரிவுரையாளர் என் விடைத்தாளை வகுப்புக்குக் காட்டித்தான் சரியான பதிலைச் சொன்னார். அதனால் இன்றைக்கும் மறக்கவில்லை. கேட்கிற லொக் நிரம்பவேயில்லை, ஆகவே ஒதுக்கி வைக்கப்படவும் இல்லை. எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே, எழுதிக்கொண்டிருந்த பெயரிலேயே இருக்கிறது. சனிக்கிழமைக் கொன்ட்ரோல் ஃபைலுக்கு சனிக்கிழமைக்குப் பிறகு நடந்தது தெரியாது. அதனால் ஒதுக்கி வைத்த பெயரைச் சொல்லிக் கேட்கிறது. அது கேட்கும் பெயரை விட்டுவிட்டு, நடப்பு லொக்கின் பெயரை நாமே அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு வரி. அவ்வளவுதான்.

நால்வரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வரியைச் சொல்லியிருந்தால், முதல் நாள் இரவு முழுக்கப் புத்தகம் பார்த்துவிட்டு வந்து இதுவரை கொண்டுவந்து சேர்த்த அவளையும் மீறி, கடைசி வரி என்னுடையதாக இருந்திருக்கும். அப்படித்தான் நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்த நேரம் வேறொன்று வேண்டியிருந்தது. அவள் தோற்பதை எல்லாரும் ஒரு தடவை பார்க்க வேண்டும். தெரியாது என்று சொல்வதால் எல்லாம் சரியாகிவிடாது என்பதை அந்த யாழ்ப்பாணத்துக் கிழவர் பார்க்க வேண்டும்.

"தெரியாது" என்றேன்.

என் வாயில் அந்தச் சொல்லை அந்த அலுவலகத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை. பணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மட்டும் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. சொல்கிறவர்கள் உண்மையைத்தான் சொல்வார்கள் என்பது அவள் நினைப்பு. "அண்ணனுக்கே தெரியலன்னா பெரிய சிக்கல்தான் சேர்" என்று பணிப்பாளரிடம் சொன்னாள்.

சேர்வர் கொடுத்த நிறுவனத்துடன் எங்கள் ஒப்பந்தம் முடிந்திருந்தது. அவள் இரண்டு தடவை போன் எடுத்தாள். எழுதி அனுப்பச் சொன்னார்கள். எழுதினாள். பதில் வரவில்லை. திங்கட்கிழமை பணிப்பாளர், இருக்கிற அளவில் திறந்து வேலையைத் தொடங்கச் சொன்னார். அப்படித் திறந்தால் பழைய லொக்குகள் அழிந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். லொக்குகள் இருந்த மற்ற டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே ஒரு பழைய டிஸ்க்கில் பிரதி எடுத்தாள்.

ஒன்றுக்கும் உதவாததை எதற்கு எடுத்து வைக்கிறாய் என்று கேட்டேன்.

"இன்னைக்கு நமக்குத் தெரியலண்ணே. நாளைக்கு யாருக்காவது தெரியும்ல" என்றாள். பத்திரிகைத் தாளில் சுற்றி இரும்பு அலுமாரியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். காலையில் அலுவலகத்துக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டு, கொப்பியும் குடையுமாக மஸ்கெலியா பஸ்ஸில் ஏறுவாள். அந்த இரண்டு தோட்டங்களுக்கும் லயம் லயமாகப் போய், மன்னிப்புக் கேட்டு, சொன்னதைத் திரும்பச் சொல்ல வைத்து எழுதி வருவாள். காலில் அட்டை கடித்த இரத்தத்தோடு பின்னேரம் வந்து அதைத் தட்டுவாள். சிலர் ஏசினார்களாம். ஒருதரம் வேலையை விட்டு வந்து சொன்னோமே, ஒரு நாள் பேர் போனதே, சம்பளம் போனதே என்று கேட்டார்களாம். கொம்பியூட்டர் கெட்டுப்போச்சுங்க, எங்களுக்கு அத சரி பண்ணத் தெரியல என்று அவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். எங்களுக்கு என்றுதான் சொன்னாள்.

நான் என் மேசையில் இருந்தேன். இரும்பு அலுமாரி எனக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு மணித்தியால வேலை.

அவள் தோற்றதை எல்லாரும் பார்த்தார்கள்தான். ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பணிப்பாளர் தன் வீட்டிலிருந்து அவளுக்கு இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தார். தட்டச்சுப் பிள்ளைகள் இருவரும் அவளுடைய வேலையைப் பங்கு போட்டுச் செய்தார்கள். கச்சேரி உத்தியோகத்தர் நேரில் வந்து, அந்த இரண்டு தோட்டங்களுக்கும் விண்ணப்ப முடிவுத் திகதியைத் தன்னால் முடிந்தவரை தள்ளிப்போடுவதாகச் சொல்லிப் போனார். தோற்றுப்போயும் ஒருத்தியால் இத்தனை பேரைச் சம்பாதிக்க முடியும் என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அவள் வழக்கத்தை விட நேரத்தோடு திரும்பி வந்தாள். அந்தத் தோட்டங்களில் ஒன்றில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா ஒருவர் இருந்தார். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. முப்பது வருடம் அங்கே தொட்டில் ஆட்டியவர். எந்தப் பிள்ளை எந்த மழைக்குப் பிறந்தது, யாருக்குப் பிறந்தது என்று அத்தனையும் அவருக்கு மனப்பாடம். அந்த வியாழக்கிழமைக்கு முதல் நாள், அரை நாள் உட்கார்ந்து சொன்னார். நாற்பது ஐம்பது பேருக்கு அவர் சொன்னது மட்டும்தான் சாட்சி. அவரைக் கடைசியாகப் பார்க்கலாம் என்று விட்டிருந்தாளாம். முந்தைய வாரம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். கண் தெரிகிறது, ஆளை அடையாளம் தெரிகிறது, பேச்சு வரவில்லை.

"என் கையப் புடிச்சிக்கிட்டு என்னமோ சொல்லப் பாக்குறாங்கண்ணே" என்றாள். "நான்தான் முதல்லயே போயிருக்கணும்."

அவள் அழுதது அப்போதுதான்.

அன்றைக்கே அலுமாரியைத் திறந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். திறக்கவில்லை. செவ்வாய் போனது. புதன்கிழமை பணிப்பாளர் எங்களைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும், நான் படித்த மாதிரியான டேட்டாபேஸ் பயிற்சிக்கு அவளை அனுப்பப் போவதாகச் சொன்னார். வியாழக்கிழமை காலை, அவள் ஆயாம்மாவைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், நான் அலுமாரியைத் திறந்தேன்.

வேறொரு கொம்பியூட்டரில் சனிக்கிழமைப் பிரதியை இறக்கி, அவள் சுற்றி வைத்திருந்த டிஸ்க்கை அதில் பூட்டினேன். அது முதல் லொக்கைக் கேட்டது, கொடுத்தேன். இல்லாத பெயரைக் கேட்டது. நடப்பு லொக்கின் பெயரை அடித்தேன். மீட்பு முடிந்தது என்று திரையில் வந்தது. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆயாம்மா சொன்ன பெயர்கள் வரிசையாக வந்தன. பக்கத்தில் அவள் தட்டியிருந்த சின்னச் சின்னக் குறிப்புகளும் வந்தன. மூத்த பிள்ளை, கால் கொஞ்சம் வளைவு. இரட்டையில் இளையது. தாய் பிறகு றொசல்லப் பக்கம் போனது.

பணிப்பாளர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீர் ஒரு பெரிய ஆள்" என்றார். அந்த வார்த்தைக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன். வந்தபோது கையை விடுவித்துக்கொண்டு, திறந்து கிடந்த அலுமாரியைச் சாத்தப் போனேன்.

பின்னேரம் அவள் வந்தாள். தட்டச்சுப் பிள்ளைகள் படியிலேயே சொல்லிவிட்டார்கள். ஓடி வந்து திரையைப் பார்த்தாள். ஆயாம்மாவின் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் துளிப் பொறாமை கிடையாது. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"எப்பிடிண்ணே? சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தேன். மூன்று தடவை கேட்டு, தன் கையால் செய்தும் பார்த்தாள். "சே, இவ்வளவுதானா" என்று சிரித்தாள். பிறகு இது எனக்கு எப்போது தெரிய வந்தது என்று கேட்டாள். தேடித் தேடி நேற்றுத்தான் பிடித்தேன் என்றேன்.

அடுத்த மாதம் கொழும்புக்குப் போய் வந்தவள், அங்கே மூன்றாவது நாளே இந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள் என்றாள். எங்கள் காலத்தில் இது இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினாள். என் மேசையில் கொழும்பிலிருந்து வாங்கி வந்த பிஸ்கட் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு வருடத்தில் கொழும்பிலேயே வேலை கிடைத்துப் போனாள். பிறகு அங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் இதையே படிப்பிக்கத் தொடங்கினாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் அலுவலகமும் மூடப்பட்டது. நான் ஹட்டனில் ஒரு பாடசாலையில் கொம்பியூட்டர் அறைக்குப் பொறுப்பாகச் சேர்ந்தேன்.

கடைசியாக அவளைப் பார்த்தது ஹட்டன் ரயில் நிலையத்தில். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். நான் யாரையோ ஏற்றிவிட வந்திருந்தேன். தூரத்திலிருந்தே "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். ரயில் பிந்தி வருவதாகச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் நாள் எங்கள் கதையைத்தான் சொல்வாளாம். இடி விழுந்தது, தான் முழித்தது, தோட்டம் தோட்டமாக அலைந்தது, கடைசியில் ஹட்டனில் இருந்த ஓர் அண்ணன் தனியாக உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தது. என் முழுப் பெயரையும் சொல்வாளாம். எங்கேயோ முகம் தெரியாத பிள்ளைகள் என் பெயரைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

அதைத் தாங்க முடியவில்லை. நல்லவனாக மாறிச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் சொன்ன அந்த மனிதன் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவன் என் பெயரை வைத்துக்கொண்டு, நான் செய்யாத ஒன்றைச் செய்து, அவளிடம் இவ்வளவு அன்பை வாங்கியிருந்தான்.

சொன்னேன். கொழும்பில் படித்தது, வெள்ளிக்கிழமை கேட்டபோதே தெரிந்திருந்தது, எல்லாவற்றையும்.

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆயாம்மாவுக்குப் பேச்சு வரலன்னு நான் வந்து சொன்னப்பவும் தெரியும்?"

"தெரியும்."

ரயில் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்தார்கள். அவள் எழுந்து, சேலையைச் சரிசெய்தாள். கோபமாகப் பேசவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகத்தான் பேசினாள்.

"இனிமே உங்க பேரச் சொல்ல மாட்டேண்ணே. ஆனா கதையச் சொல்லுவேன். முழுசாச் சொல்லுவேன்."

பெட்டியைத் தூக்கிக் கொடுக்கக் கை நீட்டினேன். அவளே தூக்கிக்கொண்டு ஏறினாள்.